இருநூற்றுப் பத்தொன்பது பாகம்

கல்லூரி உடற்கல்வி இயக்குநர் மலையாண்டியின் அறையில், நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில், ஒரு தேக்குப் பலகை தொங்கியது. மேலே 'பல்கலைக்கழகப் பதக்கம் வென்றோர்' என்று தங்க நிற எழுத்து. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறை துணி போட்டுத் துடைத்த, வழுவழுப்பான ஒன்றுமில்லை. அவர் காலத்தில் ஆறு முதல்வர்கள் மாறினார்கள். ஆறு பேரும் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "பேரெல்லாம் இனிமேத்தான் எழுதணுமா?" என்று ஒரே மாதிரி கேட்டார்கள். "ஆமா சார், இனிமேத்தான்" என்று இவரும் முப்பத்து நான்கு வருடம் ஒரே மாதிரி பதில் சொன்னார்.

மலையாண்டிக்கு ஊர் அபிராமம் பக்கம். மிளகாய்க் காட்டுக்காரர் மகன். 1975இல் வேலைக்கு வரும்வரை கடலை இரண்டே தடவைதான் பார்த்திருந்தார், அதுவும் ராமேஸ்வரத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கியபோது. கல்லூரியோ புதுமடத்துக்குப் பக்கத்தில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது. மைதானம் என்று காட்டிய இடத்தில் கருவேலமும் மணலும் ஆடுகளும் இருந்தன.

கருவேலத்தை வெட்டியாயிற்று. சுதந்திர தினத்துக்குள் நானூறு மீட்டர் ஓடுதளம் வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். அளக்கக் கல்லூரியில் ஒரே ஒரு துணி டேப் இருந்தது. மலையாண்டி அதை விரித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வருவதற்குள், பதினொன்றாவது மீட்டரிலிருந்து பத்தொன்பதாவது மீட்டர் வரை ஆடு தின்றுவிட்டது. எட்டு மீட்டரைத் தின்ற பிறகும் அது 'மே' என்று இன்னும் கேட்டதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அப்போது கைகொடுக்க வந்தவர் புதுமடத்து மீனவர் பாக்கர். ஆள் பனைமரம். வீட்டு வாசலில் அவர் குனிந்தால்தான் கதவு அவரை உள்ளே விடும்.

"கயிறு இருக்கு சாரே. எத்தனை பாகம் வேணும்?"

பாகம் என்றால் ஆறடி என்று இயற்பியல் பேராசிரியர் சொன்னார். மலையாண்டி கணக்குப் போட்டார். இருநூற்றுப் பத்தொன்பது பாகம். பாக்கர் இரண்டு கைகளையும் அகல விரித்துக் கயிற்றைப் பிடித்து, ஒவ்வொரு பாகமாக எண்ணிப் போட்டார். அந்தக் கயிற்றைச் சுற்றிலும் கிடத்தி, கருவேல முளை அடித்து, சுண்ணாம்பு தூவினார்கள். பிறகு புது டேப் வந்தது. ஆனால் முளை இருக்கும்போது எதற்கு மறுபடி அளப்பது? வருடாவருடம் முளையைப் பார்த்துச் சுண்ணாம்பு போட்டார்கள்.

அந்தத் தளத்தில் ஓடி, பல்கலைக்கழகம் கேட்கிற தகுதி நேரத்தை எட்டியவர் ஒருவருமில்லை. மலையாண்டி மணலைத் திட்டினார், உப்புக் காற்றைத் திட்டினார், மாணவர் விடுதிச் சாம்பாரைத் திட்டினார். குண்டு எறிந்தவர்களைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

1979இல் சேதுலட்சுமி என்றொரு பெண் வந்தாள். உச்சிப்புளிப் பக்கத்து விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளை. வெறுங்காலோடு ஓடினால் மணலே தெரியாது. நானூறு மீட்டருக்குத் தகுதி நேரம் அறுபத்தாறு நொடி. அவள் ஓடி முடித்தபோது கடிகாரம் அறுபத்தொன்பது காட்டியது. மூன்று தடவை ஓடினாள். மூன்று தடவையும் அறுபத்தொன்பது.

"சார், இந்த ட்ராக் நீளமா இருக்கு சார். ஸ்கூல்ல ஓடுனப்ப இம்புட்டு தூரம் வராது" என்றாள், இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபடி.

மலையாண்டிக்குச் சாக்குச் சொன்னால் பிடிக்காது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அவர்.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து மைதானத்துக்கே வரவில்லை.

அதற்குப் பிறகு முப்பது வருடம் ஓடியது. அதுதான் அந்த மைதானத்தில் குறித்த நேரத்துக்கு ஓடி முடித்த ஒரே விஷயம்.

2009 பிப்ரவரி. மே மாதம் மலையாண்டிக்கு ஓய்வு. கடைசி விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் யார் என்று அழைப்பிதழில் பார்த்தார்: வட்டாட்சியர் சேதுலட்சுமி. அதே சேதுலட்சுமிதான். 'நம்ம காலேஜ் பிள்ளை' என்று முதல் நாள் முழுக்கப் பெருமைப்பட்டார். இரண்டாம் நாள், சுற்றுச்சுவர் கட்டுவதற்காகச் சர்வேயர் கூத்தையா இடம் அளக்க வந்தார். வந்தவர் சும்மா இராமல் ஓடுதளத்தையும் ஒரு சுற்று அளந்தார்.

"சார், இது எத்தனை மீட்டர் ட்ராக்கு?"

"நானூறு."

"நானூத்தி இருபத்தெட்டு வருதே சார்."

"டேப்பைப் பாருங்க. ஆடு கீடு தின்னுருக்கும்."

"இது இரும்பு டேப்பு சார்."

மலையாண்டி சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகப் புதுமடம் போனார். பாக்கர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வயதாகியும் உயரம் குறையவில்லை.

"பாய், ஒரு பாகம்னா எத்தன அடி?"

"யாரு கைக்கு?"

மலையாண்டி சைக்கிளை விட்டு இறங்கினார். "எல்லாப் பாகமும் ஆறடி இல்லையா?"

"அதெப்படி சாரே? அவனவன் கைய விரிச்சா அவனவன் பாகம். எனக்கு ஆறரை அடிக்குக் கொஞ்சம் கொறையும். எங்க மாமு குள்ளம், அவருக்கு அஞ்சேகால். இது கடக்கரையில பச்சப்புள்ளைக்கும் தெரியுமே!" என்றவர் சற்று யோசித்துவிட்டு, "மாமு கயித்துல அளந்திருந்தா உங்க புள்ளைக இந்நேரம் ஒலிம்பிக்குக்குப் போயிருக்கும்" என்றார்.

"அன்னைக்கே சொல்லக் கூடாதா பாய்?"

"நீங்க பாகம் கேட்டீக, பாகம் குடுத்தேன். எம்புட்டு அடின்னு கேட்டீகளா?"

மலையாண்டி சைக்கிளைத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்து மனைவி பஞ்சம்மாளிடம் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "இப்ப யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, பாய்க்கு, சர்வேயருக்கு."

"மொளைய நகத்தி நட்டுட்டு மூடிக்கிட்டு ரிட்டயராகி வாங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. கடப்பாரையை எடுக்க மறுநாள் கல்லூரிப் பொருள் அறைக்குப் போனார். கடப்பாரைக்குப் பக்கத்தில் பழைய பதிவேடுகள் கிடந்தன. எடுத்திருக்க வேண்டாம். எடுத்துவிட்டார். 1979, சேதுலட்சுமி, 69, 69, 69. பக்கத்தில் சிவப்பு மையில் அவருடைய கையெழுத்து: 'சாக்குச் சொல்லும் பழக்கம் உண்டு.'

அறுபத்தொன்பதை நானூறால் பெருக்கி நானூற்று இருபத்தெட்டால் வகுத்தார். அறுபத்து நாலரை. மறுபடி வகுத்தார். அதே அறுபத்து நாலரை. கடப்பாரையை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

விழா மேடையில் உடற்கல்வி அறிக்கை வாசிக்க எழுந்தவர், தாளை மடித்துப் பையில் வைத்தார். ஆட்டிலிருந்து ஆரம்பித்துச் சர்வேயர் வரை வந்தார். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'சிவப்பு மை' என்ற இடம் வந்ததும் சிரிப்பு அடங்கியது.

"அம்மா, நீங்க தேறிட்டீங்க. ஒன்றரை செகண்டு மிச்சம் வச்சே தேறிட்டீங்க. கூடந்தான் கோணல். என்னை மன்னிச்சிருங்க."

வட்டாட்சியர் எழுந்து வந்தார். பிறகு மைக்கை இழுத்தார்.

"சார், நான் அன்னைக்கு வீட்டுக்குப் போயி எங்க அய்யாகிட்ட, எனக்கு ஓட வரலைன்னு சொன்னேன். முப்பது வருசமா அதையே நம்பிட்டேன். ஸ்டாப்வாட்ச் இருக்கா?"

அந்த அம்மாள் ஓடப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மலையாண்டியும் அப்படி நினைத்துத்தான் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைக் கழற்றி நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, ஆரம்பக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"வாங்க சார். ஒரு ரவுண்டு."

"நானாம்மா? அம்பத்தெட்டு வயசும்மா. முட்டி வலி..."

"சாக்கா சார்?"

மலையாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் வளைவு வரை ஓட்டம் மாதிரி இருந்தது. இரண்டாம் வளைவில் நடை. எதிர்ப்புறத்தில் ஒரு ஆடு கூடவே வந்து, சலித்துப்போய், முந்திக்கொண்டு போனது. மூன்றாம் வளைவில், விழா பார்க்க வந்திருந்த பாக்கர் பந்தலோரத்திலிருந்து, "இன்னும் முப்பது பாகந்தான் சாரே!" என்று கத்தினார். யாருடைய பாகம் என்று கேட்க மலையாண்டிக்கு மூச்சு இல்லை.

கோட்டைத் தாண்டி, இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றார். மொத்தக் கல்லூரியும் எழுந்து நின்றது.

"நாலு நிமிசம் பதினோரு செகண்டு" என்றார் சேதுலட்சுமி. "தேறலை சார்."

"ட்ராக்கு... நீளம்மா..."

"ஆடத் தெரியாதவ..." என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. சிரிப்பா என்னவென்று தெரியவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கடிகாரத்தை அவர் கையில் திணித்தார்.

"புடிங்க சார். இப்ப நான். இருபத்தெட்டு மீட்டரைக் கழிச்சுக்கிட்டு எழுதுங்க."