நான்காவது முனை

நீர்மாலைக்காக விரித்த வேட்டியின் மூன்று முனைகளைப் பங்காளிகள் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான்காவது முனை முத்துச்செல்வியின் தோளில் சரிந்து கிடந்தது. அப்பாவின் உடலைக் குளிப்பாட்ட ஆற்றுநீர் கொண்டுபோக வேண்டும். ஒற்றைப் பிள்ளை என்பதால் குடம் அவள் இடுப்பில். அந்த முனை அம்மாவின் தம்பி மாரிச்செல்வத்துக்கு உரியது. அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையும் அவர்தான் கொண்டுவர வேண்டும். கோடி வராமல் உடலை எடுக்க முடியாது. வெயில் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது.

“வருவாரா தங்கச்சி?” என்றான் மகாராஜன். அப்பா ஓய்வுபெற்ற பிறகு அணையின் ஷட்டர்களை ஏற்றி இறக்குபவன் அவன்தான்.

“ஆள் விட்டிருக்கு.”

“எட்டு வருசமா இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்காத மனுசன்.”

தாமிரபரணியின் கடைசி அணை இது. தாண்டினால் கடல்தான். கடலுக்கு ஓடும் நீரை மறித்து இரண்டு கரையும் விளையட்டும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. பிற்பாடு இங்கிருந்து தூத்துக்குடிக்குக் குழாய் போனது. முப்பத்தோரு வருடம் அப்பாதான் ஷட்டர் சக்கரங்களைச் சுற்றினார்.

எட்டு வருடத்துக்கு முந்தைய கோடையில் மாமா இங்கேதான் வந்து நின்றார். ஆழ்வார்திருநகரிக்குக் கீழே, கடைமடையில், அவருடைய வாழை குலை தள்ளியிருந்தது. வாய்க்கால் ஷட்டரை ஒரு சாண் தூக்கச் சொன்னார். ஆர்டர் இல்லாமல் தூக்க முடியாது, குழாய்க்கு நீர்மட்டம் நிற்க வேண்டும் என்றார் அப்பா. அந்தக் குழாயின் மறுமுனையில், ஹார்பர் பக்கத்து வாடகை வீட்டில், முத்துச்செல்வி தன் கைக்குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

வாழை கருகியது. “நீரு செத்தாலும் இந்த அணையில கால் வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார் மாமா.

“அங்கன பாரு” என்றான் மகாராஜன்.

அக்கரையிலிருந்து மாமா அணைமேல் நடந்து வந்தார். கக்கத்தில் ஜவுளிக்கடைப் பை. நேரே அவர்களிடம் வராமல் வாய்க்கால் ஷட்டருக்கு முன்னால் நின்றார்.

“பூட்டலையாடே?”

மகாராஜன் சாவிக்கு மடியைத் தடவினான். “சாவுன்னதும் அப்படியே ஓடிட்டேன் அண்ணாச்சி.”

மாமா சக்கரத்தில் கை வைத்தார். “இப்பவும் அங்கன வாழை வாடிக்கிட்டுதான் நிக்கி. ஒரு சாண்தான் கேட்டேன். இன்னைக்கு யாரு என்னத் தடுக்கது?”

வேட்டி பிடித்தவர்களில் ஒருவன் முன்னால் நகர்ந்தான். முத்துச்செல்வி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சுத்தணும்னா சுத்துங்க மாமா. அப்பா குளிக்காம கெடக்காவ.”

மாமா ஒரு சுற்றுச் சுற்றினார். சத்தமே இல்லாமல் சுழன்றது சக்கரம். அடியில் நீர் கீறிக்கொண்டு வாய்க்காலில் இறங்கியது. அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கருப்பாக மசகெண்ணெய்.

“யாருடே போட்டது?”

“தங்கச்சியோட அப்பாதான். ரிட்டயர் ஆயிட்டீய, விடுங்கன்னாலும் கேக்க மாட்டாவ. போன மாசங்கூட வந்து போட்டுட்டுப் போனாவ. கடைமடைக்குத் தண்ணி விடுத அன்னைக்குச் சக்கரம் இறுகிறக் கூடாதும்பாவ.”

மாமா அந்த மசகை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். பிறகு சக்கரத்தைத் திருப்பிச் சுற்றினார். நீர் நின்றது.

“பூட்டு.”

படியிறங்கிக் குடத்தை அவரே நிறைத்து அவள் இடுப்பில் ஏற்றினார். கோடிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான்காவது முனையை இடக்கையால் பிடித்தார். கரைமேட்டில் ஏறும்போது குடம் தளும்பியது. மசகு படிந்த அவருடைய வலக்கை நீண்டு, ஒரு சாண் அகலத்துக்கு விரிந்து, குடத்தின் வாயை மூடிக்கொண்டது.