வெற்றிடத்துக்குக் கண்ணேறு

கூடுவாஞ்சேரியில் மனை விற்றுச் செழித்த மாணிக்கவேல், படப்பை அருகே ஒரு ஷெட் போட்டார். விசிட்டிங் கார்டில் அவர் ‘தொலைநோக்காளர்’. வேலையைப் பார்ப்பது மாளவிகா. எக்ஸ்ரே பட்டால் ஒளிரும் ஓர் உப்பை, காற்றில்லாத எஃகு அறைக்குள் ஆவியாக்கி, கண்ணாடித் தகட்டில் முடியைவிட மெல்லிய ஊசிகளாக நெருக்கி நிற்கவைப்பாள். ஊசிகள் நேராக நின்றால் எக்ஸ்ரே படம் கூர்மையாக விழும். ஈரக்காற்று புகுந்தால் எல்லாம் பாழ்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காற்றை உறிஞ்சும் பம்பு ஓடியது. அறைக்குள் காற்று மட்டும் தீரவில்லை. கையில் ஒரு தகட்டுக்குத்தான் உப்பு. எக்ஸ்ரே கருவி செய்யும் கம்பெனியிலிருந்து லாசரஸ் மறுநாள் வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

“கண்ணு பட்டுடுச்சும்மா. ஜெர்மன் பம்புன்னு ஊரே பேசிக்கினு கீது. ஒரு பூசணிக்கா ஒடைச்சா சரியாப்பூடும்,” என்றார் மாணிக்கவேல்.

“வெளியில ஒடைங்க சார். உள்ள ஈரம் ஆகாது.”

அவர் ரோட்டில் பூசணிக்காய் உடைக்கும்போது, மாளவிகா ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டு, மீட்டர் முள்ளைப் பார்த்தாள். கதவோரம் தொட்டதும், ஸ்பிரிட் ஆவி உள்ளே கசிந்து முள் துள்ளியது. திறந்தாள். கதவின் ரப்பர் வளையத்தில் சந்தனமும் குங்குமமும், கட்டைவிரலால் அழுத்தி.

“இங்க பொட்டு வச்சது யாரு சார்?”

“நாந்தான். மெஷின் பூரா வச்சாங்க, வாய்க்கு மட்டும் வெக்கலியேன்னு…”

“ஒரு முடி விழுந்தாலே காத்து விடுற வாய் சார் இது.”

“தொடைச்சா சாமி குத்தம் ஆவாதா?”

“எந்த சாமிக்கு சார் வாயில பொட்டு வைக்கிறாங்க? நெத்தியில வைப்போம்.”

நானோ தொழில்நுட்பம் பற்றி மேடை மேடையாய் முழங்கியவர், அவள் வளையத்தைத் துடைக்கும்வரை சந்தனக் கிண்ணத்தோடு காத்திருந்தார். பொட்டு கதவின் வெளிப்பக்கம், உச்சிக்குப் போனது. பம்பு காற்றை இழுத்தது.

“சூட்டைக் கொஞ்சம் ஏத்தினா சீக்கிரம் முடியுமேம்மா?” என்றார். உப்பை ஆவியாக்கும் சூட்டை அவள் ஏற்றவில்லை. தகடு முழுதும் ஆறும்வரை கதவைத் தொடவும் விடவில்லை. வெளியே வந்தபோது அது பால் வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

மறுநாள் வந்த லாசரஸ் அதிகம் பேசாதவர். “சின்னதா ஏதாவது குடுங்க, படம் எடுத்துப் பார்ப்போம்.”

மாணிக்கவேல் கழுத்திலிருந்த தோல் தாயத்தைக் கழற்றினார். “உள்ள தங்கத் தகடு சார். மந்திரிச்சது.”

திரையில் தங்கத்தைக் காணோம். சுருட்டிய காகிதத்தின் மங்கல் நிழலில் ஒரு ஸ்டேப்ளர் பின்.

லாசரஸ் குனிந்தார். “பின்னோட ஒரு கால் கோணியிருக்கறதுகூடத் தெரியுது! எங்க தகட்டுல இது வெறும் கறைதான். பத்து அனுப்புங்க, பார்க்கலாம்.”

மாணிக்கவேல் தாயத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திரையில் அந்தக் கோணல் காலைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

“தங்கம்னா எவன் தகட்டுலயும் தெரியும் சார். பின்னு தெரியுது பாருங்க, அதான் எங்க மாளவிகா!”