தேரித்துறையின் சாவிகள்

தேரித்துறையின் வரலாறு மூன்றாவது பத்தியில் நின்றுவிட்டது. பிறந்த ஊர்த் தேவாலயத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்கு இன்பத்திடம் இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள். தோணிகள் கருப்பட்டி ஏற்றிக் கொழும்புக்குப் போனதையும், துறையை மணல் மூடியதையும் எழுதிவிட்டாள். அதன்பின் ஊர் தன் பிள்ளைகளை ஏற்றி அனுப்பியது. வீட்டுக்கு ஒரு வாத்தியார், ஒரு நர்ஸ். கடல் கொல்லைப்புறத்தில் கிடந்தது. தோணி நின்ற கோபமோ என்னவோ, அந்தப் பக்கம் யாரும் ஜன்னல் வைக்கவில்லை. இதையெல்லாம் மலரில் போடுவார்களா?

பக்கத்து வீட்டு விசைத்தறி சுவரை அதிர வைத்துக்கொண்டிருந்தது. உள்ளே பக்கவாதத்தில் கிடக்கும் கணவர் ஞானையாவுக்கு நாலு மணிக்குக் கஞ்சி. சங்கரன்கோவிலில் அவளுடைய நாள் அந்தக் கஞ்சியைச் சுற்றியே நடந்தது.

சபைச் செயலாளர் எஸ்ரா போனில் கூப்பிட்டான்.

"இன்பக்கா, கட்டுரை கெடக்கட்டும். முத்துத்தாய் தவறிட்டாவல்லா."

ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாரும் வீட்டுச் சாவியை முத்துத்தாயிடம்தான் கொடுத்தார்கள். சனிக்கிழமைதோறும் திறந்து, மணலைக் கூட்டித் தள்ளி, காற்று வர விட்டுப் பூட்டுவாள். நாற்பத்து மூன்று வீடு. ஒரு சாவியிலும் அடையாளம் இல்லை. அவள் விரலுக்குத் தெரியும்.

"எல்லாம் ஒரு வாளியில கெடக்கு. எது எந்த வீட்டுதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. நூத்தம்பதாம் வருசப் பண்டியலுக்கு வாரவங்களத் தங்க வைக்கணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள தெரியலன்னா பூட்ட ஒடைக்கணும்னு கமிட்டில சொல்லுதாவ. போட்டோ அனுப்புதேன், ஒங்களுதக் காட்டுங்க."

படத்தைப் பெரிதாக்கினாள். உப்புக் காற்றில் ஒரு வாரத்தில் துரு ஏறும் ஊர் அது. எல்லாச் சாவியும் எண்ணெய் போட்டுத் துடைத்தவை. ஞானையாவின் பதினொரு மாத்திரைகளையும் இருட்டில் தடவியே அவளால் சொல்லிவிட முடியும். அப்பா கட்டிய வீட்டின் சாவி எதுவென்று தெரியவில்லை. அம்மாவை அடக்கம் பண்ணிய அன்று பூட்டியது. தெரியாது என்று சொல்ல நாக்கு கூசியது.

"அந்தப் பெரிய பித்தளைச் சாவி. அதான்."

எஸ்ரா சிரித்தான். "அதத்தான் ஜெபிதாவும் காட்டுதா. பெங்களூர்ல இருந்து ஜெர்சோன் சத்தியமே பண்ணுதான். ஒங்களோட ஆறு பேராச்சு. பூரா வாத்தியாருவ, ஒருத்தருக்கும் மார்க் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒடைக்காதிய எஸ்ரா."

"அப்ப நீங்க வரணும்."

"இவுகளை யாரு பாத்துக்கிடுவா?"

"போன வச்சிராதிய. வாளியத் தூக்கிட்டு ஒங்க வீட்டுக்கே நடக்கேன்" என்றான்.

செருப்பு மணலில் தேயும் சத்தம். இரும்பு குலுங்கியது. கேட் திறந்தது. ஒரு சாவி பூட்டில் நுழைந்து, திரும்பாமல் வெளியே வந்தது. இன்னொன்று. உள்ளறையில் ஞானையா முனகினார். மணி நாலு தாண்டியிருந்தது. இன்பம் தறிச் சத்தத்துக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் போனை அழுத்திக்கொண்டு எழுந்து நின்றாள். அந்தப் பக்கம், வீட்டுக்குப் பின்னால், அலை விழுந்து இழுத்தது. எஸ்ரா அடுத்த சாவியை நுழைத்தான்.