ஈயம் வைத்த துடுப்பு

துடுப்பு மாட்டிய அன்று படகுக் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் தம்பி, அவன் மனைவி, அவளுடைய அண்ணனான தச்சர். ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லித் திரிகிறவரை எனக்குத் தெரியும். அவருடன் பேச்சை நிறுத்திவிட்டேன்.

படகைத் தம்பி தன் கையாலேயே கட்டினான். கடைசிப் பலகை அடித்த பிறகு பக்கவாதம் வந்து இடது கை தளர்ந்துபோனது. நோயைத் தெருவுக்குக் கொண்டுபோகும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் சுளுக்கு என்றே சொன்னான். மைத்துனருக்கும் அதே பதில்தான். ஏரியின் அக்கரைக்கு ஒருமுறையாவது தானே துடுப்பு வலித்துப் போய்ச் சேர வேண்டும். அதைத் தவிர அவன் எதையும் கேட்கவில்லை.

சுளுக்கை நம்பிய தச்சர் இரண்டு துடுப்பையும் ஒரே எடையில் இழைத்துக் கொண்டுவந்தார். கட்டைகளின் மேல் ஏற்றிவைத்திருந்த படகில் துடுப்பைத் தாங்கும் இரும்புக் கவைகளைத் திருகினார். உராயும் இடத்தில் தோல் சுற்றித் துடுப்புகளை மாட்டினார். தம்பி உட்கார்ந்து காற்றில் வலித்தான். வலது துடுப்பு எழுந்தது. இடது துடுப்பின் நுனி தரையிலேயே கிடந்தது.

"என்ன மாப்ள, தரையைக் கூட்டுறீங்க?" என்று தச்சர் சிரித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. தம்பியின் மனைவி கையிலிருந்த உப்புத்தாளைச் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தாள். தச்சர் அவளைப் பார்த்தார். பிறகு இடது துடுப்பை உருவி, பிடியின் முனையில் துளை போட்டு, தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை உள்ளே அடைத்து, மரமுளை அடித்து மூடினார்.

"இனிமே அதுவே எந்திரிக்கும் மாப்ள. நீங்க கூட இருந்தாப் போதும்."

எழுந்தது. தம்பி நெடுநேரம் வலித்தான். வியர்த்த முகத்தோடு என் பக்கம் திரும்பினான்.

"ஞாயித்துக்கிழமை இறக்கிடலாம்ணே. நீங்களும் வரணும்."

"என் சட்டை நனையாமக் கொண்டுபோவியாடா?"

"ஒரு சொட்டுப் படாது."

சனிக்கிழமை காலையில் காப்பியோடு போய் அவன் மனைவி எழுப்பினாள். எழவில்லை. அவனுடைய இடது கையை அவளிடமிருந்து விடுவிக்க நாங்கள் வெகுநேரம் கெஞ்ச வேண்டியிருந்தது.

தச்சர் வைத்த ஈயம்தான் படகைச் சாய்த்து என் தம்பியை ஏரியில் மூழ்கடித்தது என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். அவன் தன் கட்டிலில் இறந்தான். அந்தப் படகின் மேல் இன்றுவரை தண்ணீர் பட்டதில்லை.