கதவுக்குப் பின்னால் நான்காவது ஷார்ட்ஸ்

சலவை விஷயத்தில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் பதினாறு வருடமாக மேற்பார்வை. ரத்தம், மருந்து, வெளியே சொல்லக் கூசும் கறை எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். போர்வைகளுக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், காரமான பவுடர், கடைசி அலசலில் துணி மெத்தென்று ஆக சாஃப்ட்னர். வீட்டிலும் அதே சட்டம்தான்.

வீட்டில் நானும் என் தங்கையும் மட்டும். அவள் சைக்கிள் பந்தயக்காரி. உட்காரும் இடத்தில் பஞ்சு மெத்தை வைத்துத் தைத்த ஷார்ட்ஸ் மூன்று வைத்திருந்தாள். அவற்றைத் துவைப்பது என் பொறுப்பு.

வருட ஆரம்பத்தில் சீட்டு உரசி உரசி அவளுக்குத் தொடை இடுக்கில் புண் வந்துகொண்டே இருந்தது. ஒன்று ஆறினால் இன்னொன்று. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை வந்தா மூணு மாசம் சைக்கிளைத் தொடக் கூடாது." அணித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. புண் என்றால் கிருமி, கிருமி என்றால் கொதிநீர் என்று நான் சூட்டை இன்னும் ஏற்றினேன். தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று சாஃப்ட்னரையும் இரண்டு மூடி ஆக்கினேன். புண் ஆறியது. இரண்டு மாதமாக வரவே இல்லை. சலவைக்கூடத்தில் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலம், குளியலறைக் கதவுக்குப் பின்னால் நான்காவதாக ஒரு ஷார்ட்ஸ் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாமல் வாங்கி, பச்சைத் தண்ணீரில் அலசி, ஒளித்து மாட்டியிருக்கிறாள். புண் வந்த உடம்பை வைத்துக்கொண்டு இது என்ன வேலை என்று எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அவள் பயிற்சியாளரைப் பார்க்கப் போயிருந்தாள். அதை எடுத்து மெஷினில் போட்டு என் சட்டப்படி துவைத்து, கொடியில் காயப் போட்டேன்.

திரும்பி வந்தவள் கொடியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இதையுமா?"

"ஏன், போட்டா என்ன?"

"ரெண்டு மாசமா இதை மட்டும்தான் போட்டு ஓட்டுறேன். அதனாலதான் புண்ணு வரல."

"அப்ப நான் தினம் துவைக்கிற மூணு?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தண்ணில நனைச்சு, கசக்கி, கூடையில போட்டுடுவேன். நீ சந்தேகப்படக் கூடாதுன்னு."

ஆக, இரண்டு மாதமாக நான் அழுக்கே இல்லாத துணியை வெளுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சலவையைப் பத்தி உன்கிட்ட யாருக்கா பேச முடியும்?"

அந்தக் கேள்வி நன்றாகவே குத்தியது. ஒரு தம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தேன். துண்டுகளுக்கு சாஃப்ட்னர் ஆகாது, போட்டால் ஈரத்தை உறிஞ்சாது என்று கூடத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்தான். எவனாவது போட்டுவிட்டானா என்று துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். சொட்டு உருண்டு நின்றால் அவனுக்கு அன்றைக்கு நல்ல அர்ச்சனை. வியர்வையை உறிஞ்ச வேண்டிய ஷார்ட்ஸும் துண்டின் ஜாதிதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பழைய மூன்றிலும் சொட்டு கண்ணாடிக் குண்டு மாதிரி நின்றது. மெத்தையும் சூட்டில் வெந்து ரொட்டி மாதிரி விறைத்திருந்தது. அவை தீர்ந்த கணக்கு. நான்காவதிலும் சொட்டு நின்றது. ஆனால் மெத்தையை அழுத்தினால் எழும்பியது. ஒரே ஒரு சலவைதானே.

"தப்பு என்னோடதுதான்," என்றேன். "கடையில புதுசு கிடைக்காதா?"

"புதுசு உடம்புக்குப் பழகவே ரெண்டு வாரம் ஆகும். நீ துவைச்ச இதைப் போட்டுட்டு நூறு கிலோமீட்டர் போனா பாதியிலயே தோலு உரிஞ்சுடும். தேர்வும் போச்சு, வருஷமும் போச்சு."

"ஒண்ணும் போகல. ஞாயித்துக்கிழமை நீ இதைத்தான் போடப் போற. எனக்கு ஏத்தத் தெரிஞ்சா இறக்கவும் தெரியும்."

சனிக்கிழமை காலை லீவு போட்டேன். ஷார்ட்ஸை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்தேன். அலசிவிட்டு, துண்டால் ஒற்றி, சொட்டு விட்டேன். நின்றது. மறுபடி ஊறல், மறுபடி அலசல். நான்காவது தடவை சொட்டு கொஞ்சம் தளர்ந்தது. ஆறாவது தடவை விட்ட இடம் தெரியாமல் துணிக்குள் போய்விட்டது. முறுக்கிப் பிழியக் கை பரபரத்தது, பிழியவில்லை. துண்டில் சுருட்டி அழுத்தி, வெயில் படாமல் காற்றில் மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயக் கோட்டருகே எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் அவள் கால்களைப் பார்த்தேன். மூன்றாவதாக வந்தாள். நான்கு பேரை எடுப்பார்கள். சைக்கிளை விட்டு இறங்கி, காலை அகட்டாமல், நேராக என்னை நோக்கி நடந்து வந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எரியுதா?"

"இல்லவே இல்ல."

உடை மாற்றிக்கொண்டு வந்து வியர்வை ஊறிய ஷார்ட்ஸை என் கையில் கொடுத்தாள். கொடுத்தவள் உடனே நகரவில்லை.

"அக்கா, பச்சைத் தண்ணிதான். சோப்பு கொஞ்சமாப் போடு. மெத்தையைத் தேய்க்காத, சும்மா அமுக்கி விடு."

எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டேன்.

"அப்புறம்?" என்றேன்.