கேட்க வந்த வீடுகள்

படியேறும்போதே அவள் தீர்மானித்துக்கொண்டாள். இந்த வீட்டிலாவது வாயைத் திறந்து கேட்டுவிட வேண்டும். கணவர் படியேற முடியாமல் கீழே காரிலேயே உட்கார்ந்துவிட்டார். பாப்பா மட்டும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

காலையில் போன முதல் வீடு கணவரின் அண்ணனுடையது. பழைய கதையெல்லாம் பேசிச் சிரித்தார், தம்பி மெலிந்துபோனதைப் பார்த்துக் கண் கலங்கினார். பாப்பா டம்ளரைத் தட்டிவிட்டதும் அண்ணிக்காரி எழுந்துபோய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அதற்குமேல் என்னத்தைக் கேட்பது? அடுத்தது இவளுடைய சித்தி மகள் வீடு. அங்கே பாதி கேட்டேவிட்டாள். "எங்களுக்கு அப்புறம் பாப்பாவ..." என்று ஆரம்பித்ததும் அந்த மகராசி டிவி சத்தத்தைக் கூட்டினாள். "அதெல்லாம் இப்ப எதுக்குக்கா? நல்லதையே நினை." நல்லதை நினைக்க ஆளுக்கா பஞ்சம்? பாப்பாவுக்குத் தலை சீவிவிடத்தான் ஆள் இல்லை.

பாப்பாவுக்கு வயது முப்பத்துநாலு. உடம்புக்குத்தான் அந்த வயது, மனசு ஐந்திலேயே உட்கார்ந்துவிட்டது. குளிப்பாட்ட வேண்டும், சோற்றைப் பிசைந்து கொடுக்க வேண்டும், தூங்கும்வரை யாராவது கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். போன மாதம் கணவரைப் பார்த்த டாக்டர் கைவிரித்துவிட்டார். இவளுக்கோ சர்க்கரை கண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது. அவருக்குக் கார் ஓட்டத் தெம்பு இருக்கும்போதே ஒரு சுற்று போய், பாப்பாவை யாராவது ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுவிடலாம் என்று கிளம்பினார்கள். பாப்பாவிடம் ஊர் சுற்றப் போகிறோம் என்றார்கள். அவளை அதுவரை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. சொந்தக்காரர்களின் பார்வையைப் பொறுக்க முடியாமல், கல்யாணம் காட்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டார்கள். யார் வீட்டில் யார் பிறந்தார்கள், எந்தப் பிள்ளை எங்கே வளர்ந்தது, எதுவும் தெரியாது.

இப்போது படியேறி வந்த இந்த மூன்றாவது வீடு மைக்கினுடையது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில் இவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. லைனே வேண்டாம், ஜன்னலைத் திறந்துவிட்டுப் பேசினாலே வெளியூருக்குக் கேட்கும் என்று அங்கே வைத்த பட்டப்பெயர். கதவைத் திறந்தவளிடம் குரல் மட்டும்தான் அப்படியே இருந்தது. கையில் ஊன்றுகோல்.

"அடிப்பாவி! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே!"

பாப்பாவுக்கு அந்தக் கோல் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மைக் அதைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். யாரும் சொல்லாமலே பாப்பாவின் டீயை ஆற்றி, ஊதி, வாயருகே பிடித்தாள். அதைப் பார்த்ததும் இவளுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். மைக் குறுக்கே பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து இவள் பார்த்ததே இல்லை.

"இதுக்கு ஏண்டி இவ்வளவு அழுகை? விட்டுட்டுப் போ. நான் தனிக்கட்டைதானே, நான் பாத்துக்கறேன்."

இவள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மைக் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் குரலை இறக்கினாள்.

"ஆனா எப்போ விடுவே?"

"எங்களுக்கு அப்புறம்..."

"உனக்கும் எனக்கும் ஒரே வயசுடி. உனக்கு அப்புறம் நான் மட்டும் எங்கடி இருக்கப்போறேன்?"

கணவரின் அண்ணன் அவரைவிட மூத்தவர். சித்தி மகளுக்கு இரண்டு முறை நெஞ்சுவலி வந்துவிட்டது. மனசுக்குள் எண்ணி வைத்திருந்த மற்ற வீடுகளிலும் கிழடுகள்தான். சின்னவர்கள் ஒருவர் முகம்கூட நினைவுக்கு வரவில்லை. பார்த்திருந்தால்தானே வரும்? கிளம்பும்போது இது இருவருக்குமே உறைக்கவில்லை. அவளுக்கு இப்போது அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. கோலை ஊன்றிக் கூன் போட்டு நடந்து காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, பாப்பா நமக்கு முன்னாலேயே போய்விட்டால் என்று நினைத்தாள். நினைத்ததற்காக அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

காரில் ஏறி உட்கார்ந்ததும் அவர் கேட்டார். "கேட்டியா?"

"ம்."

"என்ன சொன்னா?"

மெலிந்து எலும்பு தெரியும் அந்த முகத்தைப் பார்த்தாள்.

"பாத்துக்கறேன்னா."

அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது, கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

"எனக்குத் தெரியும். அவ தங்கம். அப்போ வீட்டுக்குப் போயிடலாமா?"

"வேணாம்! இன்னும் வீடு!" பின்சீட்டில் பாப்பா குதித்தாள். "அடுத்து யாரு வீடு?"

"சொல்லும்மா," என்று அவர் சிரித்தபடி மனைவி பக்கம் திரும்பினார். "இனிமே என்ன கவலை? யாரு வீட்டுக்குப் போலாம்?"

"நேராப் போங்க," என்றாள்.

கார் தெருவில் மெல்ல நகர்ந்தது. பாப்பா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கடந்துபோகிற ஒவ்வொரு வீட்டுக்கும் டாட்டா காட்டிக்கொண்டே வந்தாள். யாராவது திருப்பிக் கையாட்டுகிறார்களா என்று அம்மா ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.