பிளேன்ரீ குடித்த குரோட்டன்

என் பெருங்குடலுக்குள் கமரா பூட்டிய குழாய் ஒன்றை விட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்பதை இரண்டே பேரிடம்தான் சொன்னேன். ஒருத்தி என் மனைவி கைறுன்னிஸா. மற்றவர் என் கடைக்குப் பக்கத்துத் துணிக்கடை உசனார். அவரிடம் சொன்னதால் காத்தான்குடியில் பாதிப் பேருக்கு அன்று அஸர் தொழுகைக்கு முன்னே தெரிந்துவிட்டது.

"மஜீட் மச்சான், உள்ளுக்க போற கமராவுக்கு நல்ல சாரனா உடுத்துப் போங்க" என்றார் உசனார்.

நானும் சிரித்தேன். ஆனால் சில மாதங்களாக மலத்தோடு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. என் மூத்த சகோதரர் பக்கீர் காக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. மூலம்தான் என்று சொல்லிக்கொண்டு அவர் இரண்டு வருடம் நாட்டு மருந்து குடித்தார். கடைசியில் டொக்டரிடம் போனபோது, டொக்டருக்குச் செய்வதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. எனக்கு இந்தப் பரிசோதனைக்குத் திகதி கிடைக்கவே மூன்று மாதம் எடுத்தது. செவ்வாய்க்கிழமை காலை. வயிறு சுத்தமாக இல்லாவிட்டால் கமராவுக்கு ஒன்றும் தெரியாதாம். திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுபடியும் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும்.

கிளினிக்கில் தாதி வதனி மிஸ்ஸி இரண்டு மருந்துப் பக்கற்றையும் ஒரு குறிப்புத் துண்டையும் தந்து விளக்கினார். திங்கட்கிழமை முழுவதும் சாப்பாடு இல்லை, ஆனால் தெளிந்த நீராகாரம் நிறையக் குடிக்க வேண்டும். பின்னேரம் ஆறு மணிக்கு முதல் பக்கற், விடியப்புறம் இரண்டாவது. நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். என் கண் சுவர் மணிக்கூட்டில் இருந்தது. கைறுன்னிஸாதான் கேட்டாள்.

"மிஸ்ஸி, இவருக்குச் சீனி வருத்தம் இரிக்கி. காலையில குளிசை போடுறவர். சாப்பாடில்லாத நாளைக்கு அதை என்ன செய்யிற?"

மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்தார். "நல்ல காலம் கேட்டீங்க அக்கா" என்று உள்ளே போய் டொக்டரிடம் விசாரித்துவிட்டு வந்து, துண்டின் அடியில் எழுதினார்: இரண்டு நாளும் நீரிழிவுக்கான சீனிக் குளிசை வேண்டாம், பிரஷர் குளிசை வழமைபோல. பிறகு தன் தொலைபேசி எண்ணையும் எழுதினார்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் கைறுன்னிஸா. அந்தத் துண்டை அவள் குர்ஆன் ஓதும் பலகைக்குப் பக்கத்தில் வைத்து மூன்று தரம் வாசித்தாள். சனியும் ஞாயிறும் எனக்கு வெள்ளைச் சோறும் முள்ளெடுத்த கொடுவா மீனும்தான். கீரை இல்லை, விதையுள்ள பழம் இல்லை. சிவப்பு நிறத்தில் எதையும் குடிக்கக்கூடாது, உள்ளே இரத்தம்போலத் தெரியும் என்று துண்டில் இருந்ததால், அலுமாரியில் இருந்த ரோஸ் சர்பத்துப் போத்தலைத் தூக்கி உம்மா வீட்டுக்கே அனுப்பிவிட்டாள்.

இவ்வளவு கவனமான ஒருத்திக்குக் கணவனாக வாய்த்தவன் செய்த வேலை இதுதான்.

திங்கட்கிழமை, கடமையில்லாவிட்டாலும் நன்மைக்காகப் பிடிக்கிற சுன்னத்தான நோன்பு நாள். எப்படியும் சாப்பாடில்லை. நாற்பது வருடமாக நோன்பு பிடித்த வயிறு இது, தண்ணீரையும் விட்டுவிட்டால் இன்னும் விரைவாகக் காலியாகும், நன்மையும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். இது வெளியே சொல்லக்கூடிய காரணம். உள்ளே கிடந்தது பயம். காக்காவின் கடைசி முகம் இரவு முழுக்கக் கண்ணில் நின்றது. நோன்பாளி கேட்கும் துஆ தட்டப்படாது என்பார்களே, அதைப் பிடித்துக்கொண்டேன். விடிகாலைப் பாங்குக்கு முன் எழும்பி இரகசியமாக நோன்புக்கு நிய்யத்து வைத்தேன். பழக்கதோஷத்தில், நோன்பு நாளில் விடியுமுன் சஹருக்குப் போடுகிற சீனிக் குளிசையையும் போட்டு ஒரு மிடறு தண்ணீரும் குடித்தேன்.

அவள் மணிக்கொரு தரம் பால் விடாமல் சீனி போட்ட பிளேன்ரீயும் வடித்த சூப்பும் கொண்டுவந்தாள். "வைங்க, ஆறட்டும்" என்றேன். அவள் உள்ளே போனதும் முன்வாசல் குரோட்டன் செடிச் சட்டிக்குள் ஊற்றினேன். வெற்றுக் கோப்பையைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தில் வந்த நிம்மதி எனக்குக் கொஞ்சம் சுட்டது. ஆனாலும் ஊற்றினேன்.

அஸர் தொழுதுவிட்டு எழும்பியபோது சுவர் ஒரு பக்கம் சாய்ந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் இருந்து கைறுன்னிஸாவின் குரல் கேட்டது.

"இஞ்ச பாருங்க. இந்தச் சட்டியில என்னத்துக்கு இவ்வளவு எறும்பு?"

அவள் மண்ணைத் தொட்டு மோந்து பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வியர்வையில் என் சேட்டு ஒட்டியிருந்தது.

"நோன்பா?"

"ஓம்."

"குளிசை போட்டயா?"

இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான்.

"போட்டுட்டன்."

அவள் கத்தவில்லை. என்னை நாற்காலியில் இருத்தி, விரலில் குத்திச் சீனி பார்த்தாள். ஐம்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஒரு கையால் சீனித் தண்ணீரை என் வாயில் வைத்தாள், மறு கையால் வதனி மிஸ்ஸிக்கு அழைப்பெடுத்து எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். கூச்சமே இல்லாமல் நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "காக்கா, அந்த மருந்து உடம்பில கிடக்கிற தண்ணியெல்லாம் இழுத்துக்கொண்டு போற மருந்து. காஞ்சு கிடக்கிற உடம்பில அதைக் குடிச்சா மயங்கி விழுந்திருப்பீங்க. சிறுநீரகத்துக்கும் கூடாது. இப்ப மருந்தைத் தொடாதீங்க. கால் மணித்தியாலத்தில திருப்பிச் சீனி பாருங்க அக்கா. ஏறாட்டி, இல்லாட்டி ஆள் தடுமாறினா, உடன கூட்டி வாங்க."

"நோன்பு?" என்றேன், கடைசி மானத்தைக் காப்பாற்ற.

"வருத்தக்காரனுக்கு அல்லாஹ் தந்த சலுகைய நீங்க என்ன வேணாமெண்டு சொல்ற?" என்றாள் கைறுன்னிஸா. "குடிங்க."

குடித்தேன். கால் மணித்தியாலத்தில் எண்பத்தாறு. பிறகு இளநீர், சூப், தண்ணீர். ஒவ்வொரு கோப்பையும் முடியும்வரை எனக்கு முன்னால் அசையாமல் இருந்தாள். இடையில் குரோட்டன் சட்டியைத் தூக்கிக் கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டாள். ஏழரைக்கு மறுபடியும் மிஸ்ஸியைக் கேட்டாள். மயக்கம் இல்லை, சிறுநீர் போகிறது, சீனி சரி. மிஸ்ஸி டொக்டரிடமும் கேட்டுவிட்டு, எட்டு மணிக்குத் தொடங்கச் சொன்னார்.

மருந்து, கடல் தண்ணீருக்குள் தேசிக்காய் பிழிந்ததுபோல இருந்தது. அதன் பின் நடந்ததைப் பற்றி ஒரு மரியாதையுள்ள வியாபாரி எழுத முடியாது. கக்கூசுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பாதை தேய்ந்தது என்று மட்டும் சொல்லலாம். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் கதவடியில் ஒரு கோப்பைத் தண்ணீரோடு அவள் நின்றாள். என்னை நடத்திக் கொண்டுபோய்க் கட்டிலில் விட்டாள். விடியப்புறம் இரண்டாவது பக்கற்றுக்கு முன் மறுபடி விரலில் குத்தினாள். துண்டில் சொன்ன நேரத்தோடு தண்ணீரையும் நிறுத்தினாள். என் கடையில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களை மேய்க்க நான் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துவேன். இவள் அந்த இரவு முழுக்க ஒருதரமும் குரலை உயர்த்தவில்லை.

செவ்வாய் மத்தியானம் டொக்டர் வந்து சொன்னார்: "வயிறு நல்ல சுத்தம். அதாலதான் கண்டுபிடிச்சம். மடிப்புக்குப் பின்னால சின்னக் கட்டி ஒண்டு ஒளிச்சிருந்தது. எடுத்தாச்சு. சோதனைக்கு அனுப்பியிருக்கு."

இரண்டு கிழமை கழித்து முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. இன்னும் சில வருடம் விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்றார்கள். கைறுன்னிஸா வாசலில் குந்தியிருந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

குரோட்டன் கதையை நானே கடைத்தெருவில் சொன்னேன். உசனாரிடம் சொன்னால் போதுமே. எல்லோரும் சிரித்தார்கள். உசனார் மட்டும் அன்று சிரிக்கவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார்.

"மச்சான், அந்தத் துண்ட ஒருக்காத் தாங்க. எனக்கும் ஒரு வருசமாப் போகுது, ரெத்தம்."

நான் எடுக்க எழும்பினேன். கைறுன்னிஸா தடுத்தாள்.

"அது இவர்ட வருத்தத்துக்கு எழுதின துண்டு காக்கா. உங்கட உடம்புக்கு அவங்க வேற சொல்லுவாங்க. முதல்ல டொக்டரக் காட்டுங்க. நாளைக்குக் கிளினிக் இரிக்கி, இவர் உங்களக் கூட்டிப் போவார்." பிறகு என்னைப் பார்த்தாள். "மணிக்கூட்டப் பாக்காம, மிஸ்ஸி சொல்றதக் கேட்டு வாங்க."

உள்ளே போய் மூன்று பிளேன்ரீயோடு வந்தாள். நான் என்னுடையதை அவள் கண்ணுக்கு முன்னாலேயே கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.